தனிவட்டி விமர்சனம்

கணிப்பொறி ஆட்டத்தைப் பற்றியெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று முகம் சுளிக்கிறவர்கள் நம் வட்டத்தில் இருக்கிறார்கள். சதுரங்கத்தை உவமையாக வைத்து ஒருவர் கவிதை எழுதினால் இவர்கள் சுளிப்பதில்லை. ஆட்டம் பழசானால் கலாசாரம், புதுசானால் சீரழிவு என்பது இவர்கள் கட்சி. இன்னொரு சாராரும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆட்டங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், ஒரு ஆட்டத்தையும் ஆடிப் பார்க்காமலேயே மேற்கோள்களை அடுக்கத் தொடங்கிவிட்டவர்கள். முதல் கூட்டத்துக்குச் சோம்பல், இரண்டாவது கூட்டத்துக்கு அவசரம். இரண்டுக்கும் நடுவில், ஆட்டத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கணக்கு யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. நம் விமர்சனத்தின் நெடுநாள் பம்மாத்தை அந்தக் கணக்கு துல்லியமாகப் போட்டுக் காட்டுகிறது என்பது என் கட்சி.

ஆட்டத்தின் பெயர் 'சிவிலிசேஷன்'. சிட் மெய்யர் என்ற அமெரிக்கர் பெயரால் 1991-ல் முதலில் வந்தது. நான் எடுத்துக்கொள்வது 2005-ல் வந்த நான்காம் பதிப்பை. ஆடுகிறவர் கி.மு. 4000-ல் ஒரு ஊரை அமைக்கிறார். எதிராளியும் அவரும் முறை வைத்துக் காய் நகர்த்துவதுபோல் ஆண்டுகளை நகர்த்தி, விண்வெளிக்கலம் கட்டுவது வரை போகலாம். ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றியுள்ள இருபது கட்டங்களிலிருந்து உணவு, உற்பத்தி, வணிகம் என்ற மூன்றையும் எடுத்துக்கொள்கிறது. வரும் வணிகத்தில் எவ்வளவு சதவிகிதம் அறிவியலுக்கு, எவ்வளவு கஜானாவுக்கு என்பதை ஆள்கிறவர் தீர்மானிக்கிறார். அறிவியலுக்குப் போவதைத் திரையில் ஒரு கண்ணாடிக் குடுவையாகக் காட்டுகிறார்கள். நாமும் குடுவை என்றே சொல்லலாம்.

இனி கணக்கு. ஒரு நகரத்துக்கு 40 வணிகம் வருகிறது, முழுவதையும் அறிவியலுக்குத் திருப்பிவிட்டோம், ஆக 40 குடுவை என்று வைத்துக்கொள்வோம். நூலகம் கட்டினால் 25 சதவிகிதம் கூடும். பல்கலைக்கழகம் 25. வானாய்வுக்கூடம் 25. ஆய்வுக்கூடம் 25. அகாதெமி 50. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் என்ற தேசிய அதிசயம் 100. எல்லாவற்றையும் ஒரே நகரத்தில் கட்டிவிட்ட ஒரு புது ஆட்டக்காரர் என்ன எதிர்பார்ப்பார்? நூலகம் பெருக்கியதைப் பல்கலைக்கழகம் பெருக்கும், அதை வானாய்வுக்கூடம் பெருக்கும், இப்படியே ஏறிக்கொண்டு போகும் என்று எதிர்பார்ப்பார். அப்படி நடந்தால் 40 என்பது ஏறக்குறைய 293 ஆகியிருக்க வேண்டும். ஆனால் திரையில் வருவது 140. ஏனென்றால் ஆட்டம் சதவிகிதங்களை முதலில் ஒன்றோடொன்று கூட்டிவிடுகிறது: 250. அந்த 250 சதவிகிதத்தை மூலத்தின்மீது, அந்தப் பழைய 40-ன்மீது, ஒரே ஒரு முறை போடுகிறது. எத்தனை மாடி கட்டினாலும் ஒவ்வொரு மாடியும் தரையைத்தான் தொடுகிறது, கீழ்மாடியை அல்ல.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். எனக்கு இது தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள பேதம். வைப்புநிதி போடுகிறவருக்குக் காலாண்டுக்கு ஒரு முறை வட்டி அசலோடு சேர்கிறது. அடுத்த காலாண்டு வட்டி, வட்டிக்கும் சேர்த்து. தனிவட்டியில் அசல் எப்போதும் அதே அசல். அறிவியல் வளர்வது கூட்டுவட்டியில் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. ஆட்டத்தை அமைத்தவர்கள் அதைத் தனிவட்டியில் வைத்தார்கள். கூட்டுவட்டியில் விட்டால் ஒரு பெரிய நகரம் மிச்ச உலகத்தையெல்லாம் விழுங்கிவிடும், ஆட்டம் பாதியில் முடிந்துவிடும். ஆகவே ஒரு கடிவாளம். இந்தக் கடிவாளத்தின் விளைவைப் பாருங்கள். வெறும் நகரத்தில் முதல் 25 சதவிகிதம், இருப்பதைக் கால் பங்கு உயர்த்துகிறது. ஏற்கெனவே 225 சேர்ந்துவிட்ட நகரத்தில் அதே 25, இருப்பதைப் பதின்மூன்றில் ஒரு பங்குதான் உயர்த்துகிறது. கட்டும் செலவு குறைவதில்லை. பெயர்ப்பலகை சிறியதாவதில்லை. திறப்புவிழாவும் குறைவதில்லை. பலன் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது.

அகாதெமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. அதைக் கட்ட ஒரு 'மாபெரும் விஞ்ஞானி' தேவை. அவரைக் கூட்டிவந்து அகாதெமி அமைத்தவுடன் அவர் வரைபடத்திலிருந்து மறைந்துபோகிறார், கட்டடம் நிற்கிறது. தமிழ் எழுத்தாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதே ஆட்டத்தில் பெருக்குகிற ஒன்று இருக்கிறது. அதுதான் கணக்கின் மையம். 'அதிகாரவர்க்கம்' என்ற ஆட்சிமுறையை மேற்கொண்டால் தலைநகரத்தின் வணிகம் 50 சதவிகிதம் கூடும். கவனியுங்கள்: குடுவை அல்ல, வணிகம். அதாவது மூலமே 40-லிருந்து 60 ஆகிறது. பிறகு 250 சதவிகிதம் அந்த 60-ன்மீது விழுகிறது: 210. இந்த 50 சதவிகிதத்தையும் மற்றவற்றோடு வரிசையில் சேர்த்திருந்தால் 160-தான் வந்திருக்கும். அதே ஐம்பது வரிசையின் கடைசியில் நின்றால் 20 குடுவை தருகிறது. ஊற்றில் நின்றால் 70 தருகிறது. எவ்வளவு சதவிகிதம் என்பதைவிட எதன்மீது சதவிகிதம் என்பதே பெரிய கேள்வி என்று ஆட்டம் ஓசையில்லாமல் சொல்கிறது. பரிசுகளையும் பீடங்களையும் எண்ணிக்கொண்டிருக்கும் நாம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

சரி, அந்த 40 எங்கிருந்து வருகிறது? கட்டங்களிலிருந்து. ஒரு வெற்றுக் கட்டத்தில் ஒரு குடிசையைப் போட்டு, நகரத்து ஆள் ஒருவர் அங்கே உழைத்தால் 1 வணிகம். 10 முறை உழைத்தால் குடிசை குக்கிராமமாகும், 2. இன்னும் 20 முறை, கிராமம், 3. இன்னும் 40 முறை, பேரூர், 4. ஆக 70 முறை ஒருவர் விடாமல் ஒரே இடத்தில் உழைத்தால் ஒரு கட்டம் முதிர்கிறது. நடுவில் எதிரிப் படை வந்து கொள்ளையிட்டால் ஒரு படி கீழே இறங்கும். நான்கு வணிகம் வரும் ஊரில் நூலகம் கட்டினால் கூடுவது ஒரே ஒரு குடுவை. குடிசைகளை முதிரவிட்டு, பிறகு அதே நூலகத்தைக் கட்டினால் அது பத்துக் குடுவை கூட்டும். நல்ல ஆட்டக்காரர்களுக்கு இது அரிச்சுவடி. மோசமான ஆட்டக்காரர் அதிசயங்களாகக் கட்டிக் குவித்துவிட்டு, ஏன் பின்தங்கினோம் என்று விழிக்கிறார்.

ஆட்டம் பொய் சொல்லும் இடமும் இதுதான். குடிசையும் கிராமமும் மூலத்தைத் தருகின்றன. நூலகம் மட்டும் நகரத்துக்குள் நிற்கிறது. கிராமத்துக் கட்டத்தில் நூலகம் கட்டும் வசதி ஆட்டத்தில் இல்லை. கிராமத்துக்குப் பெயர்கூட இல்லை. இன்னொரு வகைக் கிராமம் உண்டு, ஆட்டத்தின் தொடக்கத்தில் காட்டில் தென்படும் பழங்குடிக் கிராமம். நம் ஆள் அதற்குள் நுழைந்தால் கொஞ்சம் பொன் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தொழில்நுட்பமே கிடைக்கும். கொடுத்த கணத்தில் கிராமம் வரைபடத்திலிருந்து அழிந்துவிடும். அறிவைக் கொடுத்த கிராமம் இல்லாமல் போவதும், அறிவைப் பெற்ற நகரம் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதும் வெறும் விளையாட்டு விதி என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

விட முடியாததற்குக் காரணம் நான் இருக்கும் இடம். குயிலாப்பாளையம், கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில்லுக்குப் போகும் வழியில் இருக்கிற கிராமம். காகிதத்தில் முதலில் வரையப்பட்டு, பிறகு மண்ணில் இறங்கிய நகரம் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று தொடக்கவிழா. 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. ரோஜர் ஆஞ்ஜே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரின் வரைபடம், சுழலும் விண்மீன் மண்டல வடிவம், 50,000 பேருக்கான நகரம். தொழிலுக்கு ஒரு மண்டலம், கலாசாரத்துக்கு ஒன்று, குடியிருப்புக்கு ஒன்று, சர்வதேசத்துக்கு ஒன்று. ஆட்டத்தில் கட்டடங்களை அடுக்குவதுபோலவே அடுக்கப்பட்ட திட்டம். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கே வாழ்வோர் மூவாயிரத்துச் சொச்சம். 1988-ல் நாடாளுமன்றம் இயற்றிய ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் நிர்வாகக் குழு, குடியிருப்போர் பேரவை, சர்வதேச ஆலோசனைக் குழு என்று மூன்று அமைப்புகளைச் சொல்கிறது. தினமும் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்துபோகும் பக்கத்துக் கிராமங்களுக்கென்று ஓர் அமைப்பு அதில் இல்லை. கட்டம் கட்டமாகவே இருக்கிறது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அரைகுறை நேர்மை. கிராமப் பிள்ளைகளுக்கென்று ஆரோவில் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. கிராமங்களிலிருந்து ஆரோவில்வாசிகளாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், காடு. மழை அரித்துச் சிவந்து கிடந்த மேட்டில் எழுபதுகளில் வரப்புப் போட்டார்கள், ஓடுகிற தண்ணீரை நிறுத்தினார்கள், மரம் நட்டார்கள். வெளிநாட்டுக் கைகளும் கிராமத்துக் கைகளும் சேர்ந்து செய்த காரியம். வரைபடத்தின் நகரம் இன்னும் பெரும்பாலும் வரைபடத்தில் இருக்கிறது. வரப்புப் போட்ட காடு நிற்கிறது. மூலத்தில் கை வைத்தது பெருகியது. அந்தக் காட்டைப் பார்த்த பிறகும் ஒருவர் மண்டலங்களின் அழகைப் பற்றிப் பேசுவாரானால் அவர் கணக்குப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

கூட்டுவட்டியில் அறிவு வளரவே வளராதா என்று கேட்பார்கள். வளரும். அதற்கு உதாரணம் இதே கரையில், வடக்கே மரக்காணத்தில் இருக்கிறது. உப்பளத்தில் கடல்தண்ணீரை நேராக உப்பாக்குவதில்லை. ஒரு பெரிய பாத்தியில் தேக்கி வெயிலில் வற்றவிடுகிறார்கள். அது கொஞ்சம் கெட்டித்ததும் அடுத்த பாத்திக்கு. அங்கே இன்னும் கெட்டித்ததும் அதற்கடுத்ததற்கு. போமே மானியில் 3 டிகிரி சுமாரில் உள்ளே வந்த தண்ணீர், 25 டிகிரியைத் தொடும்போது உப்புப் பூக்கிறது. அதற்குள் பத்தில் ஒன்பது பங்குத் தண்ணீர் போய்விட்டிருக்கும். ஒவ்வொரு பாத்தியும் முந்தைய பாத்தி கொடுத்த நீரின்மீதுதான் வேலை செய்கிறது. நான்கு பாத்திகளை வரிசையாக இல்லாமல் தனித்தனியாகக் கடலோடு இணைத்துவிட்டால் என்ன ஆகும்? நான்கிலும் கொஞ்சம் கெட்டித்த கடல்தண்ணீர் இருக்கும். உப்பு இருக்காது. இன்னொன்று: காலம் தப்பி ஒரு மழை பெய்தால் பூத்த உப்பும் கரைந்துபோகும். சிவிலிசேஷனில் ஒரு முறை கற்ற தொழில்நுட்பம் மறப்பதே இல்லை. உப்பளத்தில் உழைக்கிறவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. தமிழ் விமர்சனத்துக்கும் கிடையாது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கினார். 1970 வரை நடத்தினார். ஒரு கவிதையை, ஒரு கதையை எடுத்து வரிவரியாக அலசுவது என்ற பழக்கத்தை அதில் விடாப்பிடியாகச் செய்தார். க.நா.சு. அதற்கு எதிர்த்திசையில் ரசனையை நம்பிப் பட்டியல் போட்டார். இவை இரண்டு பாத்திகள். நியாயமாக அடுத்து வந்தவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? செல்லப்பாவின் அலசல் எங்கே தட்டையாகிறது, க.நா.சு.வின் பட்டியல் எந்த மௌன அளவுகோலால் ஆனது என்று கேட்டு, அந்தத் தண்ணீரை மேலும் வற்றவிட்டிருக்க வேண்டும். சிலர் செய்தார்கள். 1968-ல் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' வந்தபோது வெங்கட் சாமிநாதன் அதை விரிவாக மறுத்து எழுதினார். மறுப்பில் எவ்வளவு காரம் இருந்தாலும் அது முந்தைய பாத்தியின் தண்ணீர்மீது செய்யப்பட்ட வேலை. அந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனுக்குத் தனித்தனியே படிக்கிறவனைவிட அதிகம் கிடைக்கிறது.

பெரும்பாலும் நடந்தது வேறு. இருத்தலியல் வந்தது, கடலுக்கு ஒரு வாளி. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-ல் வந்தது. நூலின்மேல் குறை இல்லை, உழைத்து எழுதப்பட்ட நூல். அதைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களின் கையில் இன்னொரு வாளி. பின்நவீனத்துவம், மாய யதார்த்தம், இன்னும் வந்துகொண்டிருப்பவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளி. ஒவ்வொருவரும் முந்தையவரின் பாத்தியை மிதித்துக்கொண்டு நேராகக் கடலுக்கே போனார்கள். முந்தைய இயலைத் தோற்கடித்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்கு ஒரு பதில் எழுதவில்லை. 'அதெல்லாம் முடிந்துபோன விவகாரம்' என்ற ஒரே வாக்கியம் மறுப்பின் இடத்தை எடுத்துக்கொண்டது. இயல்கள் ஒன்றையொன்று பெருக்குவதாக நம்பினோம். கூட்டல்தான் நடந்தது. அதுவும் எதன்மீது? ஒரு கதையைப் பொறுமையாகப் படித்த அனுபவம் என்ற அந்த மூலத்தின்மீது. அந்த மூலம் நான்காக இருக்கும்போது நூறு சதவிகிதத் தத்துவம் வந்து இறங்கினாலும் கூடுவது இன்னொரு நான்கு.

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நடுத்தர அளவு உலகத்தில், ஆறு நகரங்களில் பல்கலைக்கழகம் கட்டிய பிறகுதான் ஒரு நகரத்தில் அந்த அதிசயத்தை எழுப்ப முடியும். நாம் ஆறையும் விட்டுவிட்டு ஏழாவதை எழுப்பப் பார்க்கிறோம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் பின்னால் நின்று போராடிக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம், குக்கிராமத்தில் ஓட்டு வீடு வைத்திருப்பவர் உட்பட. 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். நல்ல கட்டடங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறார்கள்? எத்தனை சிற்றிதழ்கள் அந்த மேஜைமேல் கிடக்கின்றன? நூலக ஆணை கிடைக்கவில்லை என்று புலம்பும் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். வாசகர் கிடைக்கவில்லை என்று அதே வேகத்தோடு எழுதப்பட்ட கடிதத்தை நான் பார்த்ததில்லை.

'மூலத்தை முதலில் வளர்ப்போம், தத்துவம் பிறகு என்கிறீர்களா? இது பள்ளிக்கூட வாத்தியார் பேச்சு' என்று ஒரு எதிர்ப்பு வரும் என்று தெரியும். இல்லை. பெருக்கி வேண்டாம் என்று கணக்கு சொல்லவில்லை. 250 சதவிகிதம் இல்லாத நகரம் 40-லேயே நிற்கும். வெறும் ரசனையோடு நின்றுவிட்ட விமர்சனத்தின் கதியும் அதுதான். பெருக்கிக்கு முன்னால் எதன்மீது என்று கேட்கச் சொல்கிறது, அவ்வளவுதான். கேட்டால் பல இயல்கள் தாமாக உதிர்ந்துபோகும், சில நிலைக்கும். நிலைப்பவை எவை என்பதில் எனக்கு முன்தீர்மானம் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள், சண்டைக்கு அழைப்பு என்று எடுத்துக்கொண்டாலும் சரி. அடுத்த இதழுக்குப் புதிய கோட்பாட்டைப் பற்றி எழுத உத்தேசித்திருப்பவர்கள் இரண்டு காரியங்களைச் செய்துவிட்டு அனுப்பட்டும். ஒன்று, ஒரே ஒரு தமிழ்க் கதையை எடுத்து, கோட்பாட்டின் பெயரைச் சொல்லாமல் நான்கு பக்கம் அலசிக் காட்டட்டும். இரண்டு, தமக்கு முன்னால் அந்தக் கதையைப் பற்றி எழுதிய ஒருவருக்குப் பெயர் சொல்லிப் பதில் எழுதட்டும். அவர் செத்துப்போயிருந்தாலும் பாதகமில்லை. பிறகு தங்கள் நூறு சதவிகிதத்தைக் கொண்டுவரட்டும். அதன்மீது போட ஒரு அசல் அப்போது இருக்கும்.